ஆலைக் கழிவும் அதன் கணக்கும்: வாசகர் கேள்வி – பதில்

உற்பத்தி ஆலைகளில் கழிவைக் கையாள்வது, ஆண்டறிக்கையில் காட்டுவது பற்றி வந்த கேள்விகளில் சில இங்கே. சட்ட வரம்புகளும் படிவங்களும் நாட்டுக்கு நாடு மாறும் என்பதால், எந்த ஆலைக்கும் பொருந்தும் வேலைமுறையை மட்டும் எடுத்துக்கொள்கிறோம்.

கேள்வி: ஆண்டு முழுவதும் வெளியே போன லாரிகளின் எடைச்சீட்டுகளைக் கூட்டி, ‘உருவான கழிவு’ என்று அறிக்கையில் போட்டோம். தணிக்கையாளர் ஏற்க மறுக்கிறார். எடைச்சீட்டை விட நம்பகமான ஆதாரம் வேறு என்ன இருக்கிறது?

பதில்: எடைச்சீட்டில் குறை இல்லை. ஆனால் அது காட்டுவது ‘அனுப்பிய கழிவு’. நீங்கள் அறிக்கையில் எழுதியது ‘உருவான கழிவு’. இரண்டுக்கும் நடுவே உங்கள் கிடங்கு இருக்கிறது. ஆண்டுத் தொடக்கத்தில் கிடங்கில் 14 டன், ஆண்டில் அனுப்பியது 120 டன், ஆண்டு முடிவில் மிச்சம் 22 டன் என்றால், உருவானது 120 + 22 − 14 = 128 டன். 120 என்று எழுதினால் 8 டன் காணாமல் போகிறது. கசடு, பழைய எண்ணெய் போல வருடத்துக்கு ஓரிரு முறை மட்டுமே லாரி ஏறும் கழிவுகளில் இந்த வித்தியாசம் இன்னும் பெரிதாகும். டிசம்பரில் போகவேண்டிய லாரி ஜனவரியில் போனால், ஒரு வருடம் கழிவு ‘குறைந்து’, மறு வருடம் ‘கூடும்’. ஆலையில் ஒன்றுமே மாறியிருக்காது.

ஆகவே கணக்கு இயந்திரத்தின் பக்கத்திலிருந்தே தொடங்க வேண்டும். கழிவு வகை ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம்: தேதி, எந்தப் பிரிவு, எத்தனை கிலோ, எந்தக் கலத்தில், யார் எடை போட்டார். கிடங்குக்கு வரும்போது ஓர் எடை, கிடங்கை விட்டுப் போகும்போது இன்னோர் எடை. மாதக் கடைசியில் கையிருப்பை நேரில் எண்ணிப் பார்த்து, பதிவேட்டு மிச்சத்தோடு ஒப்பிடுங்கள். வித்தியாசம் இருந்தால் அதே வாரத்தில் தேடுங்கள். ஆண்டு முடிவில் தேடினால் கிடைக்காது.

பிழை நுழையும் இடங்கள் பெரும்பாலும் மூன்றுதான். முதலாவது, எடை போடும் கருவி. 10 அல்லது 20 கிலோ படிகளில் காட்டும் லாரி எடைமேடையில் 45 கிலோ எண்ணெய்த் துணியை நிறுத்துப் பயனில்லை. அதற்கு 300 அல்லது 500 கிலோ மேடைத் தராசு வேண்டும். இரண்டாவது, கலத்தின் வெற்று எடை. 200 லிட்டர் இரும்பு டிரம் காலியாகவே ஏறத்தாழ 20 கிலோ இருக்கும். நூறு டிரம்முக்குக் கழிக்க மறந்தால் 2 டன் கற்பனைக் கழிவு. மூன்றாவது, லிட்டரைக் கிலோவாக எழுதுவது. பழைய மசகு எண்ணெயின் அடர்த்தி லிட்டருக்குச் சுமார் 0.9 கிலோ, 200 லிட்டர் எண்ணெய் 180 கிலோதான். அடர்த்தியை வைத்துக் கணக்கிட்டிருந்தால் அதைப் பதிவேட்டிலேயே ‘மதிப்பீடு’ என்று குறித்துவிடுங்கள். மதிப்பீட்டை எந்தத் தணிக்கையாளரும் குறை சொல்வதில்லை. மதிப்பீட்டை அளவீடாகக் காட்டினால்தான் சிக்கல்.

கேள்வி: கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்துக் கசடுக்கு உலர்த்தி வாங்கினோம். கசடு 58 சதவீதம் குறைந்துவிட்டது. ‘கழிவுக் குறைப்பு’ என்று விளம்பரப்படுத்தலாமா?

பதில்: குறைந்தது தண்ணீர். 1000 கிலோ கசடில் 75 சதவீதம் ஈரம் என்றால் உலர்பொருள் 250 கிலோ. ஈரத்தை 40 சதவீதத்துக்கு இறக்கினால் மொத்த எடை சுமார் 417 கிலோ ஆகிறது. உலர்பொருள் அதே 250 கிலோ. அதிலுள்ள குரோமியமோ நிக்கலோ ஒரு கிராம்கூடக் குறையவில்லை. மாறாக, கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம் என்று பார்த்தால் செறிவு 2.4 மடங்கு ஏறியிருக்கிறது. ஈரமாக இருந்தபோது வரம்புக்குக் கீழே நின்ற கசடு இப்போது வரம்பைத் தாண்டக்கூடும். உலர்த்தி ஓடத் தொடங்கியதும் புதிய மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புவது அவசியம்.

லாரி நடைகள் குறைந்தது உண்மையான லாபம், அதைச் சொல்லுங்கள். கூடவே செலவையும் சொல்லுங்கள்: அந்த 583 கிலோ தண்ணீரை ஆவியாக்க, ஆவியாதல் வெப்பம் மட்டுமே சுமார் 365 கிலோவாட் மணி. உலர்த்தியின் வெப்ப இழப்பு தனி. அறிக்கையில் கசடு எடைக்குப் பக்கத்தில் ஈரப்பத அளவைப் போடுவதும், உலர்பொருள் எடையைத் தனி வரியில் தருவதும் நேர்மையான வழி. முந்தைய ஆண்டுகளின் எண்களையும் உலர்பொருளாக மாற்றிக் காட்டினால்தான் ஒப்பீடு நிற்கும்.

உண்மையிலேயே கசடைக் குறைக்க வேண்டுமானால் உலர்த்திக்கு முன்னால் பாருங்கள். சுண்ணாம்பை அளவுக்கு மேல் போட்டால் கரையாத சுண்ணாம்பும் கசடாகவே வெளியே வரும். பி.எச். மானியை அடிக்கடி துடைத்து அளவு சரிபார்க்காத இடங்களில் இது தவறாமல் நடக்கிறது: மானி குறைத்துக் காட்டுகிறது, பம்பு கொட்டிக்கொண்டே இருக்கிறது. சுண்ணாம்புக்குப் பதில் காஸ்டிக் சோடா போட்டால் கசடு குறையும். ஆனால் அது நைந்த கசடு, வடிகட்டி அழுத்தியில் எளிதில் பிழிபடாது. முலாம் பூசும் ஆலையானால், தொட்டியிலிருந்து எடுக்கும் உருப்படியைச் சில விநாடிகள் கூடுதலாக வடியவிட்டு, எதிரோட்டத்தில் (உருப்படி நகரும் திசைக்கு எதிராக நீரை ஓடவிட்டு) அலசினாலே கழிவுநீருக்குப் போகும் உலோகம் கணிசமாகக் குறையும்.

கேள்வி: பிளாஸ்டிக் வார்ப்பில் ரன்னர்களை (உருகிய பிளாஸ்டிக் அச்சுக்குள் ஓடும் வழியில் உறைந்து மிஞ்சும் துண்டுகளை) அரைத்து அதே இயந்திரத்தில் போடுகிறோம். மறுசுழற்சிக் கணக்கில் சேர்க்கலாமா?

பதில்: சேர்க்காதீர்கள். வைத்திருப்பவர் கைவிட்டதோ, கைவிட நினைப்பதோ, கைவிட வேண்டிய கட்டாயம் உள்ளதோதான் கழிவு. அதே வேலைக்குத் திரும்பப் போகும் ரன்னர் அந்த வரம்புக்குள் வராது. அது உற்பத்தி ஓட்டத்தின் ஒரு பகுதி. அதைக் கழிவிலும் மறுசுழற்சியிலும் ஏற்றினால் வீதம் அழகாகத் தெரியும். ரன்னர் அதிகமாக விழும் மோசமான அச்சு வைத்திருப்பவருக்கு மறுசுழற்சி வீதமும் அதிகம் என்ற விபரீதம் அதில் ஒளிந்திருக்கிறது. உள் மேலாண்மைக்குத் தனிப் பதிவேட்டில் வைத்துக்கொள்ளுங்கள். நிறம் மாறி, தரம் கெட்டு, வெளியே விற்கும் ரன்னர் மட்டும் கழிவுக் கணக்கில் வரட்டும்.

கேள்வி: கடைசல் பிரிவின் இரும்புச் சீவலை வாங்குபவர், ‘ஈரம்’ என்று சொல்லி ஒவ்வொரு முறையும் எடையைக் குறைக்கிறார். நியாயமா?

பதில்: பெரும்பாலும் நியாயம்தான். ஆனால் அவர் சொல்லும் சதவீதத்தை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. பொருள் சமன்பாடு போட்டுப் பாருங்கள். வாங்கிய கம்பி 100 டன், முடித்த பாகங்கள் 62 டன், வெட்டுத் துண்டுகள் 5 டன், பட்டறையில் கம்பி இருப்பு மாறவில்லை என்றால், சீவல் 33 டன் இருந்தாக வேண்டும். எடைச்சீட்டுகளின் கூட்டல் 36 டன் என்றால் 3 டன் கூலன்ட் (வெட்டும்போது ஊற்றும் குளிர்விப்புத் திரவம்), அதாவது சுமார் 8 சதவீதம். 29 டன் என்றால் 4 டன் வேறு வழியாக வெளியே போகிறது. வாயிற்கதவுப் பதிவேட்டைத் திறக்க வேண்டிய நேரம்.

சீவலோடு போகும் கூலன்ட் மூன்று வகையில் நட்டம்: வாங்கிய கூலன்ட் போச்சு, சீவல் விலையில் பிடித்தம், லாரியிலிருந்து வழி நெடுகச் சொட்டி வரும் வழக்கு. சாய்தள வடிதட்டில் ஓர் இரவு வைத்தாலே நிறைய இறங்கிவிடும். சுருள் சுருளாக வரும் நீளச் சீவல் பந்தாகிக் கூலன்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதை முதலில் நொறுக்கி, பிறகு சுழல்பிழிவியில் போட வேண்டும். வடிந்ததைத் தொட்டிக்குத் திருப்பும் முன், மேலே மிதக்கும் இயந்திர எண்ணெயை வழித்தெடுங்கள். இல்லாவிட்டால் கூலன்டில் நுண்ணுயிர் பெருகி அழுகிய நாற்றம் வரும், முழுத் தொட்டியையும் கொட்ட நேரும்.

அலுமினியச் சீவல் நீர்க் கூலன்டோடு சேர்ந்து ஹைட்ரஜனை வெளியிடலாம் என்பதால் இறுக மூடிய கலத்தில் வைக்கக் கூடாது. மக்னீசியம் சீவல் எரிந்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது. உலோகத் தீக்கான உலர் தூள் கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும். சாணைக்கசடு வேறு இனம்: அதில் சாணைக்கல் துகளும் எண்ணெயும் கலந்திருக்கும். சீவல் தொட்டியில் கொட்டினால் தொட்டி முழுவதையும் கெடுத்துவிடும்.

கேள்வி: அபாயக் கழிவு டிரம்களை வைக்க ஒரு கொட்டகை கட்டுகிறோம். எதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும்?

பதில்: கூரை, கசியாத தரை, சுற்றிலும் தடுப்புச் சுவர் என்று எல்லோரும் கட்டிவிடுகிறார்கள். தவறுவது தடுப்பின் கொள்ளளவிலும் பிரிவிலும்தான். பரவலாகப் பின்பற்றும் விதி: பெரிய கலத்தின் கொள்ளளவில் 110 சதவீதம், அல்லது எல்லாக் கலங்களின் மொத்தத்தில் 25 சதவீதம், இவற்றில் எது அதிகமோ அது. நான்கு 200 லிட்டர் டிரம்களுக்கு 220 லிட்டர். நாற்பது டிரம்களுக்கு 2000 லிட்டர். உங்கள் நாட்டு விதி இதிலிருந்து மாறலாம், பார்த்துக்கொள்ளுங்கள். தடுப்புக்குள் மழைநீர் தேங்கினால் அந்தக் கொள்ளளவு ஏற்கெனவே போய்விட்டது. தடுப்பிலிருந்து மழைநீர் வடிகாலுக்கு வால்வு வைத்திருந்தால் அதை அடைத்துவிடுவது மேல். யாரோ ஒருவர் திறந்துவிட்டு மறந்துபோவார்.

ஒரே தடுப்புக்குள் எதிரிகளை வைக்காதீர்கள். தனித்தனி டிரம் என்பது போதாது. இரண்டும் கசிந்தால் தரையில் சந்திக்கும். சயனைடு கழிவும் அமிலமும் சந்தித்தால் ஹைட்ரஜன் சயனைடு வாயு. ஹைபோகுளோரைட்டும் அமிலமும் சந்தித்தால் குளோரின். நைட்ரிக் அமிலக் கழிவில் கரைப்பான் சேர்ந்தால் வாயு உண்டாகி, மூடிய கலம் வெடிக்கும். இது பெரும்பாலும் ‘பாதி காலியாக இருக்கிறதே’ என்று வேறொன்றுக்குப் பயன்பட்ட டிரம்மில் ஊற்றுவதால் நிகழ்கிறது. பாலியூரித்தேன் வேலையில் மிஞ்சும் ஐசோசயனேட் கழிவில் ஈரம் பட்டால் கரியமில வாயு கிளம்பி டிரம் உப்பும். உப்பிய டிரம்மை ஸ்பேனர் கொண்டு திறக்கப் போகாதீர்கள். ஆட்களை விலக்கிவிட்டு, அந்த வேதிப்பொருளைக் கையாளத் தெரிந்தவர்களைக் கூப்பிடுங்கள்.

டிரம்மை விளிம்புவரை நிரப்பாமல், திரவம் விரிய மேலே 10 சென்டிமீட்டர் போல இடம் விடுங்கள். புனலைச் செருகியபடியே விட்டுவிடுவது எங்கும் காணும் பழக்கம். ஆய்வாளர் கண்ணில் அது ‘திறந்த கலம்’. சீட்டில் கழிவின் பெயர், எந்தப் பிரிவிலிருந்து வந்தது, ஆபத்துக் குறி, சேகரிக்கத் தொடங்கிய தேதி நான்கும் வேண்டும். தேதியைத்தான் அதிகம் மறக்கிறார்கள். எத்தனை நாள் வைத்திருக்கலாம் என்ற கால வரம்பு அந்தத் தேதியிலிருந்துதான் ஓடுகிறது. வரிசைகளுக்கு நடுவே ஓர் ஆள் நடந்து இருபுறமும் பார்க்கும் இடைவெளி இருக்கட்டும். சுவரோடு ஒட்டி அடுக்கினால் பின்வரிசைக் கசிவு தரைக்கு வந்த பிறகே தெரியும்.

கலப்பதில் பணத் தொல்லையும் உண்டு. மறுசுத்திகரிப்புக்குப் போகக்கூடிய பழைய எண்ணெய் டிரம்மில் யாராவது ஒரு லிட்டர் குளோரின் சேர்ந்த கிரீஸ் நீக்கியை ஊற்றிவிட்டால், வாங்குபவர் அந்த டிரம்மையே திருப்பி அனுப்புவார். பிறகு 200 லிட்டரையும் எரிஉலைக்கு அனுப்பும் செலவு உங்களுடையது.

கேள்வி: எண்ணெய் துடைத்த துணிகளை அட்டைப்பெட்டியில் சேர்த்து வாரம் ஒருமுறை எடுக்கிறோம். சரிதானே?

பதில்: இன்றே நிறுத்துங்கள். ஆளிவிதை எண்ணெய், ஆல்கிட் வண்ணப்பூச்சு போலக் காற்றில் உலரும் பொருள்கள் பட்ட துணி, குவியலாகக் கிடந்தால் தானே சூடேறித் தீப்பிடிக்கும். கனிம மசகு எண்ணெய்க்கு இந்தக் குணம் பெரிதாக இல்லை; ஆனால் பெட்டிக்குள் எது எதில் தோய்ந்தது என்று யாருக்கும் தெரியாது. தானே மூடிக்கொள்ளும் இரும்புத் தொட்டி வையுங்கள், ஒவ்வொரு நாளும் காலி செய்யுங்கள். வண்ணம் தெளிக்கும் அறையின் பழைய வடிகட்டிகளுக்கும் இதே விதி.

கேள்வி: எங்கள் ஆலையிலிருந்து நிலநிரப்புக்கு ஒரு கிலோகூடப் போவதில்லை. ‘100 சதவீதம் மறுசுழற்சி’ என்று எழுதுகிறோம். ஜி.ஆர்.ஐ. (நிலைத்தன்மை அறிக்கைக்கான உலகத் தரநிலை) அட்டவணை மட்டும் ஒத்துவரவில்லை.

பதில்: ஒத்துவராது. ‘நிலநிரப்பு இல்லை’ என்பதும் ‘எல்லாம் மறுசுழற்சி’ என்பதும் வேறு வேறு கூற்றுகள். ஜி.ஆர்.ஐ. 306 தரநிலையின் 2020 பதிப்பு, 2022 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ளது. அது கழிவை இரண்டு பக்கமாகப் பிரிக்கிறது. ஒரு பக்கம் அகற்றலிலிருந்து திருப்பப்பட்டது: மறுபயன்பாட்டுக்குத் தயார்ப்படுத்தல், மறுசுழற்சி, பிற மீட்பு. மறுபக்கம் அகற்றலுக்குப் போனது: ஆற்றல் மீட்போடு எரித்தல், மீட்பின்றி எரித்தல், நிலநிரப்பு, பிற. ஆற்றல் மீட்போடு எரிப்பதும் அகற்றல் பக்கத்தில்தான் நிற்கிறது என்பதைக் கவனியுங்கள். பலருடைய அட்டவணை இங்கேதான் முட்டுகிறது.

ஓர் எடுத்துக்காட்டு: மொத்தம் 500 டன், மறுபயன்பாடு 40, மறுசுழற்சி 340, ஆற்றலுக்காக எரித்தது 120. நிலநிரப்பு பூஜ்யம் என்பது உண்மை. திருப்பப்பட்டது 380 டன், அதாவது 76 சதவீதம். இந்த 76-ஐ எழுதுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. 100 என்று எழுதிவிட்டு அடிக்குறிப்பில் மழுப்புவதுதான் மானக்கேடு. எரிஉலைச் சாம்பலும், மறுசுழற்சியாளர் ஒதுக்கித் தள்ளும் எச்சமும் எங்காவது நிலநிரப்புக்குப் போகின்றன. ஆகவே ‘எங்கள் ஆலையிலிருந்து நேரடியாக’ என்ற சொற்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அட்டவணைக்கு வேண்டிய மற்றவை: டன் அலகு, அபாயக் கழிவும் மற்றதும் தனித்தனியாக, ஆலைக்குள் செய்ததும் வெளியே செய்ததும் தனித்தனியாக. கழிவின் உள்ளடக்கப் பிரிவையும் தர வேண்டும்: உலோகம், பிளாஸ்டிக், கசடு என்று. எண்களுக்கு முன்னால் அதே தரநிலையின் 306-1, 306-2 பிரிவுகள் கேட்கும் விளக்கங்களைப் பலர் ஒரு பத்தியில் முடித்துவிடுகிறார்கள். எந்த மூலப்பொருள் எந்தக் கழிவாகிறது என்ற ஓட்டப்படம் ஒன்று இருந்தாலே அந்தப் பகுதி உருப்படும்.

கேள்வி: கழிவுநீரின் எடையையும் சேர்க்க வேண்டுமா?

பதில்: அந்தத் தரநிலைப்படி, நாட்டுச் சட்டம் கேட்டால் ஒழிய வேண்டாம். சுத்திகரிப்பில் பிரியும் கசடு மட்டும் வரும்.

கேள்வி: மறுசுழற்சியாளர் சான்றிதழ் தந்துவிட்டார். இதற்கு மேல் நாங்கள் என்ன செய்ய முடியும்?

பதில்: சான்றிதழைக் கோப்பில் வைத்துவிட்டு அவர் இடத்துக்கு ஒரு நடை போய் வாருங்கள். முதலில் உரிமத்தில் உங்கள் கழிவு வகை இருக்கிறதா, காலாவதி ஆகவில்லையா என்று பாருங்கள். பிறகு கொள்திறன்: மாதம் 50 டன் அனுமதி உள்ளவர் உங்களிடம் மட்டுமே 60 டன் எடுக்கிறார் என்றால், மிச்சம் எங்கே போகிறது என்று கேளுங்கள். உலை ஓடுகிறதா, மின்கட்டணச் சீட்டு அந்த ஓட்டத்துக்கு ஈடாக இருக்கிறதா, அவருடைய சொந்தக் கசடும் சாம்பலும் யாரிடம் போகின்றன, வளாகத்தில் மலைபோல் பழைய சரக்கு குவிந்திருக்கிறதா? குவியல் இருந்தால் அவர் எடுப்பதற்குப் பணம் வாங்குகிறார், வேலை செய்வதில்லை. அப்படிப்பட்ட இடம் மூடப்படும்போது, டிரம்மின் மேல் இருக்கும் சீட்டைப் பார்த்து அரசு உங்களைத் தேடி வரலாம்.

லாரியோடு போகும் மேனிஃபெஸ்டின் (கழிவு அனுப்புச் சீட்டின்) பெறுநர் பிரதி திரும்பி வந்ததா என்பதற்கு ஒரு பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் எழுதிய எடையும் அவர் பெற்ற எடையும் 2 சதவீதத்துக்கு மேல் விலகினால் காரணம் கேட்பது என்று உள்விதி வகுத்தால் நல்லது. ஈரக் கசடு வழியில் வடிந்திருக்கலாம். லாரி வேறு எங்காவது நின்றும் இருக்கலாம்.

கேள்வி: கழித்த மின்சுற்றுப் பலகைகளை வெளிநாட்டு உருக்காலைக்கு அனுப்ப நினைக்கிறோம். அபாயமற்றது என்று ஆய்வறிக்கை இருக்கிறது.

பதில்: அந்த அறிக்கை இனி போதாது. கழிவு நாடு விட்டு நாடு போவதைக் கட்டுப்படுத்த 1989-இல் ஏற்கப்பட்ட பாசல் உடன்படிக்கையில் செய்த திருத்தத்தின்படி, 2025 ஜனவரி 1 முதல் மின்னணுக் கழிவு அபாயமானதோ இல்லையோ, பெறும் நாட்டின் முன்சம்மதம் இல்லாமல் எல்லை தாண்டக் கூடாது. வழியில் கடக்கும் நாடுகளும் இதில் வரும். சம்மதம் கிடைக்க மாதக்கணக்கில் ஆகலாம் என்பதால், அதுவரை சரக்கு எங்கே இருக்கும், உங்கள் கிடங்குக் கால வரம்பு தாங்குமா என்று முதலில் பாருங்கள். கலப்புப் பிளாஸ்டிக் கழிவுக்கும் 2021 முதல் இதுபோன்ற கட்டுப்பாடு உண்டு.

கேள்வி: உற்பத்தி குறைந்த ஆண்டில் ஒரு டன் பொருளுக்கான கழிவு கூடிவிட்டது. மேலிடத்துக்கு என்ன விளக்கம் சொல்வது?

பதில்: கழிவில் ஒரு பகுதி உற்பத்தியோடு ஏறி இறங்கும், இன்னொரு பகுதி உற்பத்தி நின்றாலும் வரும். தொட்டி மாற்றும் கூலன்ட், வடிகட்டிகள், நிறம் மாற்றும்போது கழுவும் கரைப்பான் எல்லாம் இரண்டாம் வகை. சிறு சிறு ஆர்டர்களால் நிறமாற்றம் அதிகமானால் அது இன்னும் ஏறும். பன்னிரண்டு மாதங்களின் உற்பத்தியைக் கிடைக்கோட்டிலும் உருவான கழிவைச் செங்குத்துக் கோட்டிலும் புள்ளி வைத்து ஒரு கோடு இழுங்கள். கோடு செங்குத்து அச்சை வெட்டும் இடமே உங்கள் நிலையான கழிவின் தோராய அளவு. பழைய கூரை இடித்தது, தொட்டி சுத்தம் செய்தது போன்ற ஒருமுறைக் கழிவுகளை இந்த வரைபடத்தில் சேர்க்காதீர்கள். அறிக்கையின் மொத்தத்தில் அவை கட்டாயம் இருக்க வேண்டும், ஆனால் தனி வரியில், காரணத்தோடு.

வரைபடத்துக்கு அனுப்பிய எடையைப் பயன்படுத்தினால் புள்ளிகள் சிதறிக் கிடக்கும், எந்தக் கோடும் பொருந்தாது. உருவான எடை பதிவேட்டில் இல்லையென்றால், மூன்று பெரிய கழிவு வகைகளுக்கு மட்டும் அடுத்த மாதத்திலிருந்து எடை போடத் தொடங்குங்கள்.